டிடெக்டிவ் லைசன்ஸ் தேடி அலைகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

"டிடெக்டிவ் ஆகணும், லைசன்ஸ் எங்கே வாங்கணும்?" இந்தத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் அடிக்கடி வரும் கேள்வி இதுதான் என்பார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் காசைத் தொலைத்த பையன்களை நிறையப் பார்த்துவிட்டேன். இந்தியாவில் தனியார் துப்பறிவாளருக்கென்று அரசு லைசன்ஸ் எதுவும் கிடையாது. மத்திய அரசும் தருவதில்லை, தமிழ்நாடு அரசும் தருவதில்லை, கமிஷனர் அலுவலகத்திலும் அப்படி ஒரு விண்ணப்பம் இல்லை. "அரசு அங்கீகாரம் பெற்ற டிடெக்டிவ் லைசன்ஸ் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நான் வந்த புதிதில் எனக்கே இது தெரியாது. முதலில் சேர்ந்த ஏஜென்சியில் ஐந்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஓர் அடையாள அட்டை கொடுத்தார்கள், அதில் சிங்க முத்திரை, கீழே ஏதோ சிறப்பு விசாரணை அதிகாரி என்று பெரிய எழுத்தில் பதவி. அதை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனிடம் நீட்டியபோது, பக்கத்தில் நின்ற குடியிருப்புச் சங்கச் செயலாளர் சந்தேகப்பட்டு ஸ்டேஷனுக்கு போன் போட்டுவிட்டார். எஸ்.ஐ. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "தம்பி, நீ அந்த வாசலில் நின்னதுக்கு கேஸ் போட முடியாது, இந்த அட்டையை வச்சிருந்ததுக்கு போடலாம்." அவர் சொன்னது உண்மைதான். அரசு முத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை உண்டு. அரசு ஊழியர் என்று நடித்து அந்தப் பெயரில் ஏதாவது செய்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 204ஆவது பிரிவில் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு. அன்று எச்சரித்து அனுப்பினார்கள். அட்டையைக் கொடுத்த முதலாளியோ அதற்கப்புறம் என் போனையே எடுக்கவில்லை.

சட்டமே கொண்டுவர முயற்சிக்கவில்லையா என்றால், முயன்றார்கள். தனியார் துப்பறியும் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மசோதா ஒன்று 2007ல் மாநிலங்களவையில் அறிமுகமானது, ஏஜென்சிகளுக்கு லைசன்ஸ் கட்டாயம் என்பதுதான் அதன் சாரம். நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது, வருடக்கணக்கில் கிடந்தது, கடைசியில் சட்டமாகாமலே திரும்பப் பெறப்பட்டது. மற்ற நாடுகளில் நிலைமை பல விதம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 6,000 மணி நேரப் புலனாய்வு அனுபவம் காட்டி, கைரேகை கொடுத்து, எழுத்துத் தேர்வில் பாஸ் செய்தால்தான் லைசன்ஸ், சட்டம் அல்லது போலீஸ் அறிவியல் பட்டம் இருந்தால் 4,000 மணி நேரம் போதும். சிங்கப்பூரில் போலீஸின் லைசன்ஸ் பிரிவு தருகிறது. பிரிட்டனில் 2001லேயே அதற்கு வழி செய்யும் சட்டம் வந்தும் துப்பறிவாளர் லைசன்ஸ் மட்டும் நடைமுறைக்கு வரவில்லை.

லைசன்ஸ் இல்லை என்பதால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழில் செய்ய உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் ஒரு சாதாரணக் குடிமகனுக்கு இருக்கும் அதிகாரத்துக்கு மேல் ஒரு துளியும் இல்லை. ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்க, சோதனை போட, வீட்டுக்குள் நுழைய, எதற்கும் அனுமதி இல்லை. ஏதாவது பிரச்சினை வந்தால் எடுத்துக் காட்ட ஒரு லைசன்ஸ் எண் உங்களிடம் இருக்காது, நீங்கள் ஒழுங்காக வைத்திருக்கும் ஃபைல்தான் இருக்கும். நான் கீழே சொல்வதெல்லாம் அந்த ஃபைலை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்பதைப் பற்றித்தான்.

பசாரா லைசன்ஸ் வேறு

சில ஏஜென்சி போர்டுகளில் லைசன்ஸ் எண் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பெரும்பாலும் பசாரா, அதாவது தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005ன் கீழ் வாங்கியது. செக்யூரிட்டி கார்டுகளை அனுப்பும் நிறுவனத்துக்கு அது கட்டாயம். ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க என்றால் 25,000 என்று சட்டத்திலேயே கட்டணம் இருக்கிறது, 5 ஆண்டு செல்லும். ஆளையோ சொத்தையோ காவல் காப்பதற்குத்தான் இந்தச் சட்டம், துப்பறிவது இதில் வரவே வராது. காவலாளிகளையும் அனுப்பப்போகிறீர்கள் என்றால் எடுங்கள், இல்லையென்றால் வேண்டாம். அதை வைத்துக்கொண்டு "லைசன்ஸ் பெற்ற டிடெக்டிவ்" என்று விளம்பரம் போடுவது கிளையன்டை ஏமாற்றுவதுதான்.

அப்படியானால் எதைப் பதிவு செய்வது?

இது ஒரு சேவைத் தொழில், மற்ற தொழிலைப் போலத்தான் பதிவு. தனி ஆளாக என்றால் உங்கள் பான் எண்ணிலேயே தொடங்கலாம், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு செய்து அந்தச் சான்றிதழோடு வங்கியில் கரன்ட் அக்கவுன்ட் திறந்துவிடுங்கள். உத்யம் பதிவு அரசு தளத்தில் இலவசம், ஆதார் இருந்தால் அரை மணி நேர வேலை. அதே மாதிரி தோற்றத்தில் காசு கேட்கும் தளங்கள் இருக்கின்றன, ஜாக்கிரதை. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. கட்டாயம், புலனாய்வுச் சேவைக்கு 18 சதவீதம். கம்பெனிகளிடம் வேலை எடுக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது, ஜி.எஸ்.டி. எண் இல்லாத பில்லை அவர்களின் அக்கவுன்ட்ஸ் பிரிவு அனேகமாகத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில்வரி உண்டு. ஆள் சேர்த்து வளர்க்கும் எண்ணம் இருந்தால் எல்.எல்.பி. (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டு நிறுவனம்) அல்லது பிரைவேட் லிமிடெட், அதை ஆடிட்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

பெயர் வைக்கும்போது கவனம். மத்திய, தேசிய, புலனாய்வுத் துறை என்றெல்லாம் அரசு அமைப்பு மாதிரி ஒலிக்கும் பெயர் வேண்டாம். வண்டியில் போலீஸ் என்று ஸ்டிக்கர், டேஷ்போர்டில் தொப்பி, இவையும் வேண்டாம். உங்கள் விசிட்டிங் கார்டில் பெயர், தனியார் விசாரணை நிறுவனம் என்ற வார்த்தை, முகவரி, போன் எண், அவ்வளவு போதும்.

வக்கீலாக என்ரோல் செய்து பிராக்டிஸ் செய்பவர்கள் கூடவே இந்தத் தொழிலையும் நடத்த பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. அரசு ஊழியர்களுக்கும் நடத்தை விதிகள் தடை. ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் நிறையப் பேர் செய்கிறார்கள், நன்றாகவும் செய்கிறார்கள், பழைய ஸ்டேஷன் பழக்கத்தை வைத்துத் தகவல் கேட்காத வரைக்கும்.

எது செய்தால் உள்ளே போவீர்கள்

முதலில் கால் ரெக்கார்டு. கிளையன்ட்கள் கேட்கும் முதல் விஷயம் இது: "அவர் யார்கூட பேசுறார்னு லிஸ்ட் மட்டும் எடுத்துக் கொடுங்க சார், எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை." போலீஸிலேயே எஸ்.பி. நிலையில் உள்ள அதிகாரி வழியாகத்தான் அதைக் கேட்டு வாங்க முடியும். தனியார் ஒருவர் கையில் அந்த லிஸ்ட் இருக்கிறது என்றாலே எங்கோ யாரோ திருடிக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். 2013ல் பா.ஜ.க. தலைவர் அருண் ஜேட்லியின் கால் ரெக்கார்டை எடுக்க முயன்ற விவகாரத்தில் டில்லி போலீஸ் துப்பறிவாளர்களைப் பிடித்தது. 2018ல் மகாராஷ்டிராவின் தானே நகரப் போலீஸ் இதே மாதிரி ரெக்கார்டு விற்ற கூட்டத்தைப் பிடித்தபோது, பல வருடம் தொழிலில் பெயர் வாங்கியவர்களும் அதில் கைதானார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தாலும் கோர்ட்டில் நிற்குமா என்பதே கேள்வி. 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு விவாகரத்து வழக்கு வந்தது, மனைவியின் கால் விவரங்களைக் கணவர் ரகசியமாக எடுத்து ஆவணமாகக் கொடுத்திருந்தார். அது அந்தரங்க உரிமையை மீறிப் பெற்றது, ஏற்க முடியாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், கணவன் மனைவி தங்களுக்குள் பேசியதை ஒருவர் பதிவு செய்திருந்தால் திருமண வழக்கில் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. இதைப் படித்துவிட்டு "இப்போ எல்லாமே ஓகே ஆயிடுச்சு" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பேசியவரே பதிவு செய்தார், மூன்றாவது ஆளான நீங்கள் நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்க அந்தத் தீர்ப்பு அனுமதி தரவில்லை.

அடுத்தது போனில் உளவு ஆப் போடுவது, வாட்ஸ்அப்பை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்து வைப்பது, மெயில் பாஸ்வேர்டை உடைப்பது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் 3 ஆண்டு வரை சிறை. இன்னொருவரின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் 66சி, போலி அடையாளத்தில் ஏமாற்றினால் 66டி. "என் பொண்டாட்டி போன்தானே, நானே வாங்கிக் கொடுத்தது" என்பார்கள். வாங்கிக் கொடுத்தவர் அவராக இருக்கலாம், அந்தப் போனுக்குள் இருப்பது அந்தப் பெண்ணின் வாழ்க்கை. 2017ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டார்கள், கல்யாணமானதும் அது போய்விடுவதில்லை.

பின்தொடர்வது சட்டப்படி சரியா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொது இடத்தில் ஒருவரைப் பார்ப்பதும், எத்தனை மணிக்கு எங்கே போனார் என்று குறிப்பதும் மட்டுமே குற்றமாகாது. ஆனால் பெண் ஒருவரைப் பின்தொடர்வதாக இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவைத் தூங்கி எழுந்தாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். விருப்பமில்லை என்று தெரிந்தும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்ள முயல்வதும், அவர் இணையத்தில் என்ன செய்கிறார் என்று கண்காணிப்பதும் அதில் வருகிறது. குற்றத்தைத் தடுப்பதற்காகச் செய்தேன் என்ற விதிவிலக்கு அரசு பொறுப்புக் கொடுத்தவர்களுக்குத்தான், நமக்கு இல்லை. ஜன்னல் வழியாக, குளியலறைப் பக்கமாக, ஹோட்டல் அறைக்குள் கேமரா, இதெல்லாம் பேச்சுக்கே இடமில்லை.

எந்தக் கேஸை எடுக்கக் கூடாது

லைசன்ஸ் பற்றிப் படிக்க வந்தவருக்கு இது தேவையா என்று தோன்றலாம். எனக்கு இதுதான் மிக முக்கியம்.

ஒரு நாள் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, கண் கலங்கியிருந்தது, கூட வந்த இரண்டு இளைஞர்கள் வாயே திறக்கவில்லை. "பொண்ணைக் காணோம்யா, எங்கே இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும்." பெண்ணுக்கு 22 வயது. போலீஸில் புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன், பதில் இல்லை. தனியாகப் போனாளா, யாரோடாவதா என்று கேட்டதும் கூட வந்த ஒருவன் முகம் மாறியது. முழுப் பணத்தையும் அட்வான்ஸாகவே மேசையில் வைத்தார்கள். நான் எடுக்கவில்லை, காணாமல் போனவர் என்றால் ஸ்டேஷனில் புகார் கொடுங்கள், எழுதித் தருகிறேன் என்றேன், எழுந்து போய்விட்டார்கள். உடுமலைப்பேட்டையில் 2016ல் பட்டப்பகலில் நடந்த சங்கரின் ஆணவக் கொலை நம் எல்லோருக்கும் தெரியும். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்களின் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது நம் ஊரில் சாதாரண வேலை கிடையாது. அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்று யோசிக்காமல் எழுதுகிறவர் இந்தத் தொழிலுக்கே வரக் கூடாது.

அதனால் நான் வைத்திருக்கும் விதி: 18 வயது நிரம்பிய ஒருவரைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொன்னால், கண்டுபிடித்ததும் முதலில் அவரிடம்தான் பேசுவேன். இன்னார் தேடுகிறார், உங்கள் முகவரியைக் கொடுக்கலாமா என்று கேட்பேன். வேண்டாம் என்றால் "நலமாக இருக்கிறார், தொடர்பு கொள்ள விரும்பவில்லை" என்பதுதான் என் ரிப்போர்ட். கிளையன்டிடம் இதை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுவேன். விட்டுப் போன மனைவியைத் தேடும் கணவர்கள் விஷயத்திலும் இதேதான், அடி தாங்காமல் போனவராக இருந்தால் அவர் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்த பாவம் நமக்கு வேண்டாம். 18க்குக் கீழே என்றால் நேராக போலீஸ், கூடவே 1098 குழந்தைகள் உதவி எண்.

ஒவ்வொரு கேஸுக்கும் ஒப்பந்தம் எழுதுங்கள், இரண்டு பக்கம் போதும். கிளையன்டின் அடையாளச் சான்று நகல், விசாரிக்கப்படுபவருக்கும் அவருக்கும் என்ன உறவு, எதற்காகக் கேட்கிறார், என்னென்ன செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், எத்தனை நாள், எவ்வளவு கட்டணம். கால் ரெக்கார்டு, வங்கிக் கணக்கு விவரம், பாஸ்வேர்டு எதுவும் எடுத்துத் தரப்படாது என்று அச்சிலேயே இருக்கட்டும். சட்டவிரோதமான காரியத்துக்குப் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது, அப்படிப்பட்ட வேலையைச் செய்துவிட்டு பாக்கிப் பணத்துக்கு நீங்கள் கோர்ட்டுக்குக்கூடப் போக முடியாது.

நேர்வழியில் எவ்வளவு தகவல் கிடைக்கும்? நிறையவே

நம் ஊரில் அதிகம் வருவது கல்யாணத்துக்கு முந்தைய விசாரிப்பு. மாப்பிள்ளை சொன்ன கம்பெனியில்தான் இருக்கிறாரா, சொன்ன படிப்பு உண்மையா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, கடன் வழக்கு உண்டா. இதற்கு யாருடைய போனையும் திறக்க வேண்டியதில்லை. இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு கொடுத்துப் பெயரை வைத்துத் தேடலாம். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று பார்த்தால் "சொந்த வீடு" யார் பெயரில் இருக்கிறது, அடமானத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். சொந்த கம்பெனி என்று சொன்னால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இயக்குநர்கள் யார் என்று பார்க்கலாம். பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பி உண்மைத்தன்மை கேட்கலாம். வேலைக்கு ஆள் எடுப்பவருக்கும் வாடகைக்கு விடுபவருக்கும் தமிழ்நாடு போலீஸே இணையத்தில் சரிபார்ப்புச் சேவை தருகிறது, அந்த வழியைக் கிளையன்டுக்கு நேர்மையாகச் சொல்லிவிடுங்கள், அப்படிச் சொன்னவரிடம்தான் அடுத்த கேஸும் வரும்.

அப்புறம் தெருவில் விசாரிப்பது. இஸ்திரி வண்டிக்காரர், பால் போடுபவர், மளிகைக் கடை அண்ணாச்சி, இவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்கும் விதத்திலேயே ஒரு வதந்தி பிறந்துவிடும். "அந்தப் பையன் குடிப்பானா?" என்று நாலு கடையில் கேட்டுவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள், அந்தப் பையன் அந்தத் தெருவிலேயே இருக்கப்போகிறவன். "அந்த வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்லுங்கண்ணே" என்று பொதுவாக ஆரம்பித்துவிட்டுக் காதைத் திறந்து வையுங்கள், அதுவே போதும்.

ரிப்போர்ட்டில் மூன்றைப் பிரித்து எழுதப் பழகுங்கள்: நான் நேரில் பார்த்தது, ஆவணத்தில் இருந்தது, ஒருவர் சொன்னது. ஒருவர் சொன்னதை நீங்கள் பார்த்தது போல எழுதினால் ஒரு கல்யாணம் வீணாக நிற்கும், உங்கள் மேல் அவதூறு வழக்கும் வரலாம்.

கோர்ட் படி ஏறும்போது

விவாகரத்து வழக்குகளில் உங்கள் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எதுவும் முடியாது, நீங்களே சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் படிப்பு, கட்டணம், கேமரா எல்லாவற்றையும் கிண்டுவார். திருமணத்துக்கு வெளியிலான உறவு 2018க்குப் பிறகு குற்றம் இல்லை, ஆனால் விவாகரத்துக்குக் காரணமாக இன்னும் இருக்கிறது. குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆவது பிரிவு ஆதாரங்களை ஏற்பதில் நீதிபதிக்குக் கொஞ்சம் தாராளம் தருகிறது, அதை நம்பி அலட்சியமாக இருக்காதீர்கள். போட்டோ, வீடியோ எல்லாம் மின்னணு ஆவணம், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அந்தப் படிவத்தில் இரண்டு பகுதி, ஒன்று சாதனத்தை வைத்திருந்தவர் கையெழுத்திடுவது, இன்னொன்று நிபுணருடையது, கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும், கைரேகை மாதிரியான ஓர் எண்) எழுத வேண்டும். அதனால் படம் எடுத்த அன்று இரவே மெமரி கார்டைத் தனியாக எடுத்து வைத்து, ஹேஷ் போட்டு, தேதியோடு நோட்டில் குறித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி மாறிவிடும், அதை மூலம் என்று காட்ட முடியாது.

எங்கிருந்து தொடங்குவது

நேரடியாக போர்டு மாட்டாதீர்கள். குறைந்தது ஒன்றிரண்டு வருடம் ஓர் ஏஜென்சியில் ஃபீல்டு வேலை பாருங்கள். மே மாத வெயிலில் பைக்கோடு ஒரே மரத்தடியில் ஆறு மணி நேரம் நிற்க முடிகிறதா, அப்படி நின்றும் ஆள் வெளியே வரவில்லை என்றால் "வரவில்லை" என்று அப்படியே எழுத முடிகிறதா என்று அங்கேதான் தெரியும். நிறையப் பேர் தோற்பது இரண்டாவதில், கிளையன்ட் காசு கொடுத்திருக்கிறாரே என்று எதையாவது இட்டுக்கட்டிவிடுகிறார்கள். பெண்களுக்கு இங்கே நல்ல தேவை இருக்கிறது, பெண்கள் விடுதி, கல்யாண மண்டபம், அழகு நிலையம் என்று ஆண்கள் நின்றாலே சந்தேகம் வரும் இடங்கள் ஏராளம்.

படிக்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது. கட்டாயம் கிடையாது, ஆனால் சட்டம் புரியும். வார இறுதியில் சான்றிதழ் தரும் பயிற்சிகள் திறமையைக் கொஞ்சம் வளர்க்கலாம், அந்தச் சான்றிதழ் லைசன்ஸ் ஆகாது. துப்பறிவாளர் சங்கங்களில் உறுப்பினராவதும் அப்படித்தான், தொடர்புகள் கிடைக்கும், அதிகாரம் கிடைக்காது. குடும்பக் கேஸ்கள் மனதுக்குப் பாரமாக இருந்தால் கம்பெனி வேலைப் பக்கம் போங்கள்: ஊழியர் பின்னணிச் சரிபார்ப்பு, போலிப் பொருள் சந்தை விசாரணை, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் விசாரணை. இன்ஷூரன்ஸ் சர்வேயர் என்பது வேறு வேலை, அதற்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் லைசன்ஸ் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேஸ் முடிந்ததும் கையில் இருப்பதை என்ன செய்வது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, அது இல்லாவிட்டாலும் முன்பின் தெரியாத ஒருவரின் படங்களை வருடக்கணக்கில் லேப்டாப்பில் வைத்திருக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை. கோர்ட்டுக்குப் போகும் கேஸ் என்றால் மூலக் கோப்பை சீல் வைத்துப் பூட்டிவிடுகிறேன், மற்றதை ரிப்போர்ட் கொடுத்த 90ஆவது நாள் அழித்துவிட்டு, அழித்த தேதியை எழுதிக் கிளையன்டிடம் கையெழுத்து வாங்கி அந்த ஃபைலிலேயே வைத்துவிடுகிறேன்.